அடுப்படிக்கு எந்த யந்திரம்?

(வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் நாம் பேசியது)



இன்றைக்கு நாம் பேசப் போகிற விஷயம் இன்னதென்று நோட்டீசில் பார்த்தவுடன் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். தானே ஓடித் தரை பெருக்கும் யந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா, பிரசாரகருக்கு வேறு வேலை கிடையாதா என்று கேட்கலாம். கேட்பது நியாயந்தான். ஆனால் அப்படிக் கேட்கிற தோழர்களைப் பார்த்து நாமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் வீட்டு அடுப்படி ஒரு நாளைக்கு எத்தனை தடவை பெருக்கப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஆண்கள் பக்கத்தில் இரண்டு கைதான் தெரிகிறது. பெண்கள் பக்கத்தில் கையைத் தூக்கவே வேண்டியதில்லை, முகத்திலேயே தெரிகிறது.

காலைப் பலகாரம் முடிந்து ஒரு தடவை, பகல் சமையல் முடிந்து ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, இரவுச் சாப்பாடு ஆன பிறகு ஒரு தடவை. ஆக நாலு தடவை. தடவை ஒன்றுக்குப் பத்து நிமிஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 40 நிமிஷம். வருஷத்துக்கு 243 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு வேலை நாளாகக் கணக்கிட்டால் முழுசாக 30 நாள். அதாவது ஒரு மனுஷி வருஷத்தில் ஒரு மாதத்தைக் குனிந்த முதுகோடு அடுப்படித் தரைக்கே கொடுத்துவிடுகிறாள். இந்த ஒரு மாதத்தில் பாதியையாவது திருப்பி வாங்கிக் கொடுக்க ஒரு யந்திரம் இருக்குமானால், அது எப்படிப்பட்டது, எதைப் பார்த்து வாங்குவது என்று பேசுவது கேலிக்குரிய காரியமாகாது என்பது நமது அபிப்பிராயம்.

இந்த யந்திரம் வந்த வரலாற்றை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். 1901-ம் வருஷத்தில் லண்டனில் பூத் என்கிற எஞ்சினீயர் தூசியை உறிஞ்சும் யந்திரம் ஒன்றைச் செய்தார். அது வீட்டுக்குள்ளே நுழையாது. குதிரை பூட்டி இழுத்து வந்து தெருவில் நிறுத்தி, நீளமான குழாயை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு உறிஞ்சுவார்கள். அது பணக்காரர் வீட்டுச் சரக்கு. பிறகு 1907-ல் அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்துக் காண்டன் என்கிற ஊரில் ஸ்பாங்ளர் என்று ஒருவர் இருந்தார். அவருக்குக் கடையில் பெருக்குகிற உத்தியோகம். ஆஸ்துமாக் காயலா வேறு. பெருக்கினால் தூசி, தூசியினால் மூச்சு முட்டல், பெருக்காவிட்டால் சம்பளம் இல்லை. அந்த மனிதர் இது தலைவிதி என்று உட்கார்ந்துவிடவில்லை. ஒரு மின்சார விசிறி மோட்டார், ஒரு சோப்புப் பெட்டி, ஒரு விளக்குமாற்றுக் கம்பு, ஒரு தலையணை உறை, இவ்வளவையும் வைத்துக் கையில் பிடித்துத் தள்ளும் உறிஞ்சு யந்திரத்தைச் செய்து, 1908-ல் அதற்குப் பேடன்ட் உரிமையும் பெற்றார். அந்த உரிமையை விலைக்கு வாங்கிய ஹூவர் என்பவர் பெயர்தான் இன்று உலகத்துக்குத் தெரியும். பெருக்கினவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு தள்ளுவதற்குக்கூட ஆள் வேண்டாம் என்று 2001-ல் ஸ்வீடன் தேசத்து எலெக்ட்ரோலக்ஸ் கம்பெனியார் டிரைலோபைட் என்றும், 2002-ல் அமெரிக்காவில் ஐரோபாட் கம்பெனியார் ரூம்பா என்றும் தானே ஓடும் யந்திரங்களை விற்க ஆரம்பித்தார்கள். அந்த முதல் ரூம்பா சுவரில் போய் முட்டும். முட்டியவுடன் வேறு பக்கம் திரும்பும். கண்ணைக் கட்டி விட்ட பிள்ளை மாதிரிதான். 2010-ல் நீட்டோ என்கிற கம்பெனியார் லேசர் ஒளியைச் சுழலவிட்டு அறையை அளந்து, படம் போட்டுக்கொண்டு, வரிசை வரிசையாகப் பெருக்கும் யந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். இப்போது கடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இந்தப் படம் போடுகிற ஜாதிதான். ரோபோ வேக்கம் கிளீனர் என்று நீங்கள் கேள்விப்படுவது இதுவே.

நிற்க, நமது வீட்டுச் சங்கதியைச் சொல்ல வேண்டும். நாம் ஊர் ஊராகப் போய், எதையும் விசாரித்து, ஆராய்ந்து, அனுபவத்துக்கு ஒத்ததை மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள் என்று தொண்டை கட்டப் பேசுகிறவராயிற்றே! அப்படிப்பட்ட நாம் இந்த யந்திரத்தை எப்படி வாங்கினோம் என்றால், விளம்பரத்தைப் பார்த்தோம், அதில் எல்லாவற்றையும்விடப் பெரிய நம்பர் எதற்குப் போட்டிருக்கிறதோ அதை வாங்கினோம். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யந்திரம் வந்தது. கூடத்தில் நன்றாக ஓடிற்று. பக்கத்து வீட்டுக்காரரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினோம். அடுப்படிக்குப் போகச் சொன்னவுடன் நிலைப்படியில் முட்டிக்கொண்டு நின்றது. நமது வீட்டு நிலைப்படி ஒன்றரை அங்குலம், அது ஏறக்கூடியதோ முக்கால் அங்குலந்தான். சரியென்று கையால் தூக்கி உள்ளே விட்டோம். இரண்டு சாண் தூரம் போயிற்று, நின்றது, பின்வாங்கிற்று, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பள்ளத்தில் விழப் பார்க்கிறேன், என்னைத் தூக்கி வேறு இடத்தில் வையுங்கள் என்று இங்கிலீஷில் கூப்பாடு போட்டது. பள்ளமாவது படியாவது! சமதரை. பத்துத் தடவை தூக்கி வைத்தோம், பத்துத் தடவையும் அதே கூப்பாடு.

விஷயம் என்னவென்றால், இந்த யந்திரத்தின் அடிப்பக்கத்தில் நாலைந்து சென்சார்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தரையை நோக்கி அவை அனுப்பும். ஒளி தரையில் பட்டுத் திரும்பி வந்தால் தரை இருக்கிறதென்று அர்த்தம். வராவிட்டால் படிக்கட்டு என்று அர்த்தம். நமது அடுப்படியிலோ பளபளப்பான கறுப்புக் கிரானைட். கறுப்பு நிறம் அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது, திரும்புவதில்லை. ஆகவே யந்திரத்தின் கணக்குப்படி நமது அடுப்படி முழுவதும் ஒரே கிணறு! நமது துணைவியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "பெருக்குகிற என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தரை கறுப்பு, படி உசரம் என்று சொல்லியிருப்பேனே, உங்கள் யந்திரத்துக்குத் தெரியாதது எனக்குத் தெரியுமே" என்றார். அதற்கு நம்மிடத்தில் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

சென்சாரின் மேல் காகிதத்தை ஒட்டி மூடிவிட்டால் ஓடும் என்று சிலர் யோசனை சொல்லுவார்கள். ஓடும், வாஸ்தவம். மாடிப்படி இருக்கிற வீட்டில் அது படியிலும் ஓடும், பிறகு உருளும். ஆதலால் கறுப்புத் தரைக்காரர்கள் தங்கள் தரையிலேயே அல்லது அதுபோன்ற தரையிலேயே ஓட்டிக் காட்டினாலொழிய வாங்கக் கூடாது. நமது யந்திரம் இப்போது கூடத்தில் மாத்திரம் ஓடுகிறது.

இனி அந்தப் பெரிய நம்பரைப் பற்றிச் சொல்லுகிறோம். விளம்பரத்தில் 5,000 பாஸ்கல், 10,000 பாஸ்கல், இப்போது 20,000 பாஸ்கலுக்கு மேலும் போட ஆரம்பித்துவிட்டார்கள். பாஸ்கல் என்றால் அழுத்தத்தை அளக்கும் ஓர் அளவு, அவ்வளவுதான். நமது தலைக்குமேல் இருக்கிற காற்று நம்மை அழுத்துவதே ஏறக்குறைய 1,01,325 பாஸ்கல். அதைத் தாங்கிக்கொண்டுதான் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். யந்திரத்துக்குச் சொல்லும் நம்பர், பெரும்பாலும் காற்று வரும் வாயை அடைத்துவிட்டு உள்ளே எவ்வளவு இழுப்பு உண்டாகிறது என்று அளந்தது. அடுப்படியில் வாயை அடைத்துக்கொண்டா யந்திரம் வேலை செய்கிறது? குப்பையைத் தூக்கிக்கொண்டு போவது காற்றின் ஓட்டம். அந்தக் குப்பையை வாய்க்குக் கொண்டுவந்து சேர்ப்பது பிரஷ். இந்த இரண்டையும் பற்றி விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒன்றும் இராது. தடித்த கம்பளம் விரித்த வீட்டுக்கு இழுப்பு அதிகம் வேண்டியதுதான். நம்மவர் அடுப்படியில் கம்பளம் ஏது? டைல்ஸ் தரைக்கு நடுத்தரமான இழுப்பே தாராளம்.

அதைவிட நமது அடுப்படிக்கு முக்கியமான விஷயம் கடுகு. சிரிக்காதீர்கள். தாளிக்கிறபோது வெடித்து விழுகிற கடுகும், உளுத்தம்பருப்பும், சிந்தின அரிசியும் உருண்டோடும் சரக்குகள். யந்திரத்தின் முன்பக்கத்து ஓரத்தில் மூன்று கால் முளைத்தாற்போல் ஒரு பக்கப் பிரஷ் சுழலும். அது வேகமாகச் சுழன்றால் கடுகை உள்ளே தள்ளுவதற்குப் பதிலாகச் சுண்டிவிட்டு அடுப்பு மேடைக்கு அடியில் அனுப்பிவிடும். பெருக்கினதாகப் பெயர், இறைத்ததுதான் பலன். சில யந்திரங்களில் அந்தப் பிரஷின் வேகத்தைக் குறைக்கலாம். அப்படிப்பட்டதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். வெங்காயச் சருகும் பூண்டுத் தோலும் வேறு விதமான தொல்லை. அவை லேசானவை, ஆனால் அகலமானவை. வாயில் குறுக்கே ஒட்டிக்கொண்டால் காற்று நின்றுவிடும். நடுவிலிருக்கிற உருளைப் பிரஷ் முழுவதும் மயிராக இருந்தால் தலைமுடியும் தேங்காய் நாரும் சுற்றிக்கொண்டு கயிறு திரித்துவிடும். ரப்பர் பட்டையுள்ள உருளை இதற்குத் தேவலை. ஆகவே கடைக்குப் போகிறபோது ஒரு காகிதப் பொட்டலத்தில் ஒரு பிடி கடுகு, கொஞ்சம் வெங்காயச் சருகு, நாலு கறிவேப்பிலை, நாலு தலைமுடி கட்டிக்கொண்டு போங்கள். தரையில் கொட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்கிற கடையில் வாங்கித்தான் ஆக வேண்டுமென்று சட்டமில்லை.

எண்ணெயும் ஈரமும் அதற்கு மேல். சாதாரண உறிஞ்சு யந்திரம் காய்ந்த குப்பைக்கு ஏற்பட்டது. சிந்திய சாம்பார்மேல் அதை ஓட்டினால் வடிகட்டி நனைந்து, பூஞ்சணம் பூத்து, நாற்றமெடுத்து, மோட்டாருக்கும் கேடு. துடைக்கிற துணியும் சேர்ந்து வருகிற யந்திரங்கள் உண்டு. அவற்றில் ஒரு தினுசு, ஈரத்துணியை வெறுமனே இழுத்துக்கொண்டு போகும். அடுப்புக்கு முன்னால் தெறித்த எண்ணெயை அது கூடம் வரையில் தடவிவிட்டு வரும். வட்டத் துணிகள் இரண்டு சுழன்று தேய்க்கிற தினுசும், துணி உருளை ஓடும்போதே தன்னைக் கழுவிக்கொள்ளும் தினுசும் அதைவிட மேல். நிலையத்துக்குத் திரும்பி வந்து வெந்நீரில் துணியை அலசிக்கொள்வதானால் எண்ணெய்க்கு இன்னும் நல்லது. ஆனால் விலையும் இன்னும் மேல். நாம் சொல்லுவது, தெறித்த எண்ணெயையும் கொட்டிய குழம்பையும் அப்போதே ஒரு பழந்துணியால் கையில் துடைத்துவிட்டு மற்றதை யந்திரத்துக்கு விடுங்கள் என்பதுதான். துடைக்கிற கை ஆண் கையாகவும் இருக்கலாம்.

குப்பையைத் தானே நிலையத்துப் பைக்குள் கொட்டிக்கொள்ளும், மாதக் கணக்கில் திறக்கவே வேண்டாம் என்று ஒரு பெருமை சொல்லுவார்கள். படுக்கையறைத் தூசிக்கு அது சரி. அடுப்படிக் குப்பையில் சோற்றுப் பருக்கையும் தேங்காய்த் துருவலும் இருக்குமே, அதை ஒரு மாதம் பைக்குள் மூடி வைத்தால் என்ன ஆகும்? எறும்புக்கும் கரப்பானுக்கும் சத்திரம் கட்டினதாக ஆகும். அன்றியும் பை தீர்ந்தால் மறுபடி காசு. அடுப்படிக்கு மாத்திரம் வாங்குகிறவர்களுக்கு யந்திரத்துக்குள்ளேயே இருக்கிற சிறு டப்பா போதும். அது இரண்டு டம்ளர் அளவு கொள்ளும். தினம் ஒரு தடவை கொட்டிவிடலாம்.

எப்போது ஓட்டுவது என்பதில்தான் நமது வழக்கமான எதிரி வந்து சேருகிறான். இந்த யந்திரத்துக்கு ஏற்ற நேரம் இராத்திரிதான். எல்லோரும் சாப்பிட்டாயிற்று, காலடியில் குழந்தை இல்லை, மணையையும் முக்காலியையும் மேலே தூக்கி வைத்தாயிற்று. கரப்பான் வெளியே வருகிறதற்குள் பருக்கைகளை வாரிவிட வேண்டும். ஆனால் விளக்கு வைத்த பிறகு பெருக்கினால் லட்சுமி போய்விடுவாளாம்! சாயங்காலம் ஆறு மணியோடு யந்திரத்தை நிறுத்தி வைத்திருக்கிற வீட்டை நாம் பார்த்திருக்கிறோம். இருபதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கின யந்திரத்துக்கு ராகு காலம் பார்த்து மின்சாரம் ஏற்றின வீட்டையும் பார்த்திருக்கிறோம். அகல் விளக்கு வெளிச்சத்தில் பெருக்கின காலத்தில், விழுந்து கிடந்த மூக்குத்தித் திருகாணி கண்ணுக்குத் தெரியாமல் குப்பையோடு போய்விடும் என்கிற பயத்தில் யாராவது ஒரு கெட்டிக்காரப் பாட்டி சொல்லிவைத்திருக்கலாம். அந்தக் காரணம் இருந்தால் அதை நாம் மதிக்கிறோம். ஏனெனில் யந்திரமும் திருகாணியை விழுங்கும். அதற்குப் பரிகாரம், டப்பாவைக் கொட்டுகிறபோது வெளிச்சத்தில் ஒரு தடவை கிளறிப் பார்ப்பது. லட்சுமிக்கு இதில் வேலை ஒன்றும் இல்லை.

இன்னொரு வீட்டில் ஆயுத பூசையன்று யந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் அப்பினார்கள். நெற்றி என்று நினைத்து அவர்கள் பொட்டு வைத்த இடம் லேசர் சுழலும் ஜன்னல்! மறுநாள் யந்திரம் இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. பழுது பார்க்க வந்த ஆள் ஈரத்துணியால் பொட்டை அழித்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்தபடியாகக் கண். யந்திரம் வழி கண்டுபிடிக்கிறது லேசரினாலா, காமிராவினாலா என்று கேளுங்கள். காமிரா உள்ளது தரையில் கிடக்கும் செருப்பையும் ஒயரையும் கண்டு ஒதுங்கும், அது சௌகரியந்தான். ஆனால் 2022 டிசம்பரில் வெளிவந்த சங்கதி ஒன்று உண்டு. சோதனைக்காக வீடுகளில் ஓடவிட்ட ரூம்பா யந்திரங்கள் எடுத்த படங்கள், அவற்றுக்குக் குறிப்பெழுதும் கூலி வேலைக்காரர்கள் வழியாகப் பேஸ்புக் வரையில் போய்விட்டன. அதில் கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் ஒன்று. 2024-ல் அமெரிக்காவில் சில வீடுகளில் எக்கோவாக்ஸ் யந்திரங்களுக்குள் யாரோ புகுந்து, அவற்றின் வாயால் வீட்டுக்காரரையே வசைபாடினார்கள். வீட்டுப் பெண்கள் வேலை செய்கிற இடத்தில் ஓடுகிற யந்திரத்துக்குக் கண் வேண்டுமா என்பதை அந்தப் பெண்களே தீர்மானிக்கட்டும். நமது ஓட்டு லேசருக்குத்தான்.

செல்போனும் இன்டர்நெட்டும் இல்லாமல், ஒரு பொத்தானை அமுக்கினால் ஓடுமா என்பதையும் விசாரியுங்கள். முன்னே சொன்ன நீட்டோக் கம்பெனி 2023-ல் மூடப்பட்டது. முதல் ரூம்பாவைச் செய்த ஐரோபாட்டே 2025 டிசம்பரில் இன்சால்வென்சிக் கோர்ட்டுக்குப் போயிற்று. கம்பெனி போனாலும் குப்பை தினம் விழுந்துகொண்டுதான் இருக்கும். உதிரிச் சாமான் ஊரில் கிடைக்குமா, வடிகட்டியைத் தண்ணீரில் கழுவலாமா, பாட்டரியைத் தனியாக மாற்றலாமா என்கிற மூன்று கேள்விகள் பாஸ்கலைவிட எவ்வளவோ மேலானவை. மின்சாரச் செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வழக்கமான பாட்டரி 14.4 வோல்ட், 5,200 மில்லி ஆம்பியர் மணி என்றால் ஏறக்குறைய 75 வாட் மணிதான். ஒரு யூனிட்டில் பத்துத் தடவைக்குமேல் ஏற்றலாம்.

கடைசியாக ஆண் தோழர்களுக்கு. நமக்குத் தெரிந்த ஒருவர் யந்திரத்தை வாங்கின அன்றே, வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் சம்பளத்தில் ஐந்நூறு ரூபாயைக் குறைத்தார். அந்த அம்மாள் நின்றுவிட்டார். யந்திரமோ வட்ட வடிவம், மூலைக்குள் போகாது. சிலிண்டருக்குப் பின்னால் போகாது. உயரம் நாலு அங்குலம் இருப்பதால் தணிந்த அலமாரிக்கு அடியிலும் போகாது. அந்த மூலைகளையெல்லாம் இப்போது அவருடைய தாயார், அறுபது வயதில், குனிந்து பெருக்குகிறார். இதற்காகவா யந்திரம்? அன்றியும் யந்திரத்துக்கே தினம் டப்பா கொட்ட வேண்டும், வாரத்துக்கு ஒரு தடவை உருளையில் சுற்றின முடியைக் கத்தரித்து எடுக்க வேண்டும், வடிகட்டியைத் தட்ட வேண்டும், சென்சாரைத் துடைக்க வேண்டும், துணியை அலச வேண்டும். இந்த வேலையும் பெண்கள் தலையில்தான் என்றால் விளக்குமாறே மேல். அதற்கு உருளையும் இல்லை, வடிகட்டியும் இல்லை. நமது வீட்டில் இந்த ஐந்து காரியமும் நம்முடையதென்று தீர்மானமாகியிருக்கிறது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் துணைவியார், ஆமோதித்தவர் மகள், எதிர்ப்பு இல்லை.

இப்போது கடைகளில் பதினைந்தாயிரம் ரூபாயிலிருந்து லட்சத்துக்கு மேல் வரையில் யந்திரங்கள் இருக்கின்றன. ஓர் அளவுகோலை எடுத்து, வீட்டு நிலைப்படி எவ்வளவு உயரம், அலமாரிக்கு அடியில் எவ்வளவு இடம் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பெருக்குகிறவரையும் கூட அழைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், கடுகுப் பொட்டலத்தையும் மறக்க வேண்டாம்.

இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. சந்தேகம் கேட்கிறவர்கள் எழுந்து கேட்கலாம். முதலில் அந்தப் பக்கத்துத் தாய்மார்கள்.